அம்மா எடுத்த அட்டை

எங்கள் சபையில் டிசம்பர் 31 இரவு ஆராதனை 11.30-க்குத் தொடங்கும். 12 மணிக்குக் கோயில் மணி அடிக்கிறபோது எல்லாரும் முழங்காலில் இருப்போம். மணி ஓய்ந்து, ஜெபம் முடிந்து எழுந்ததும் அக்கம்பக்கத்தில் கைகொடுத்துக்கொள்வோம். அப்புறம் அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து. கடைசியாக வாக்குத்தத்த அட்டை. எவர்சில்வர் தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்து வாசலருகே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கென்று ஆண்டவர் நமக்குத் தருகிற வசனம் அது என்று நம்பித்தான் எடுப்போம். தென் மாவட்டச் சபைகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டையை எடுத்ததும் திருப்பிக்கூடப் பார்க்காமல் என் கையில் தந்துவிடுவாள். "வாசில ராசா." கோயில் வாசல் டியூப்லைட் வெளிச்சத்தில் நான் வாசிப்பேன். தலையில் போட்ட முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு கேட்பாள். முடிந்ததும் "ஆமென்" என்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொல்வாள். வீட்டுக்கு வந்ததும் அட்டை பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். அந்த டப்பாவில் 20 வருஷத்துக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தன. எழுத்து தெரியாதவள், படத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தாள். அருவி போட்டது அப்பா இறந்த வருஷத்து அட்டை. ஆட்டுக்குட்டி என் கல்யாண வருஷம். ரோஜாப்பூ என் மகள் பிறந்த வருஷம். எதை எடுத்து நீட்டினாலும் வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள்.

2013 பிறந்த இரவில் அவள் எடுத்த அட்டையில் கலங்கரை விளக்கம் படம். சங்கீதம் 118:17. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." அவள் வயிற்றில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாதி வசனத்தில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். அன்று அவள் சொன்ன ஆமென் மாதிரி இன்னொன்றை நான் கேட்டதில்லை. கோயில் வாசலில் நின்றிருந்த பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள். நானும் சொன்னேன்.

ஆகஸ்டில் அம்மா இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த வீட்டில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் ஏதாவது சொல்லத்தானே வேண்டும். "பரலோகத்தில் பிழைத்திருக்காங்க, வசனம் பொய்யாகலை" என்றார்கள் சிலர். தூரத்துச் சொந்தம் ஒருவர், நான் பக்கத்து அறையில் இருப்பது தெரியாமல், "விசுவாசம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சுன்னு நினைக்கேன்" என்றார். அம்மாவின் விசுவாசம் குறைந்ததாம். கடைசி வாரம் தண்ணீர் இறங்காத தொண்டையோடு அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே கிடந்தவள் அவள். நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ.

அதற்குப் பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. பாட்டுப் பாடினேன், காணிக்கை போட்டேன், பாடம் வாசிக்கச் சொன்னால் வாசித்தேன். ஆமென் மட்டும் சொல்லவில்லை. ஜெபம் முடிகிற இடத்தில் சபை முழுக்கச் சேர்ந்து ஆமென் சொல்லும்போது என் உதடு மூடியே இருக்கும். என் தொழில் பத்திரம் எழுதுவது. அப்பாவுக்கும் அதே தொழில்தான். வாசகத்தை ஒத்துக்கொள்ளாத ஒருவர் அதன் அடியில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சார் பதிவாளர் அலுவலக வாசலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஆமென் என்பது கையெழுத்து. அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. இரண்டரை வருஷம் இப்படியே போனது. என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

2016-ல் ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்கிற தவக்காலத்தில் பாஸ்டரையா வீட்டுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை வேதபாடங்களுக்கு அந்த வருஷம் தலைப்பு 'உடன்படிக்கை'. "நீங்க தினமும் உடன்படிக்கை எழுதுறவங்க, ஆறு வாரமும் நீங்களே நடத்துங்க" என்றார். மறுக்க நினைத்தேன். மனைவி அதற்குள் காப்பி கொண்டுவந்து வைத்து, "செய்வாங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் வேதாகமத்தைப் பத்திரம் பார்க்கிற கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். எங்களிடம் ஒரு பத்திரம் வந்தால் வரிசையாக வாசிப்பதில்லை. எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார், பிரதிப்பிரயோஜனம், அதாவது பதிலுக்குக் கொடுப்பது, என்ன, சொத்து விபரம் என்ன, சாட்சி யார் என்று கண் தானாகத் தாவும். வேதத்திலும் அப்படிப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

முதலில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஆதியாகமம் 23. ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வயதில் இறந்துபோகிறாள். அவளை அடக்கம்பண்ண ஆபிரகாமுக்கு இடமில்லை. கானான் தேசம் முழுவதையும் உனக்கும் உன் சந்ததிக்கும் தருவேன் என்று வாக்குப் பெற்றவர், ஏத்தின் புத்திரர் முன்னால் தரைமட்டும் குனிந்து நின்று கல்லறைக்கு இடம் கேட்கிறார். எப்பெரோன் சும்மா தருகிறேன் என்கிறான். ஆபிரகாம் ஒத்துக்கொள்ளாமல் 400 சேக்கல் நிறை வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். அடுத்த இரண்டு வசனங்களை வாசித்தபோது எனக்குக் கிரையப் பத்திரத்தின் சொத்து விபரத்தை வாசிப்பதுபோலவே இருந்தது. மம்ரேக்கு எதிரே மக்பேலாவில் இருக்கிற நிலம், அதிலுள்ள குகை, நிலத்தின் நாலெல்லைக்குள் நிற்கிற மரங்கள் எல்லாம், ஊர் வாசலுக்குள் வந்தவர்கள் சாட்சியாக. எங்கள் பக்கத்து நிலமென்றால் பனை எத்தனை என்று எண்ணிப் போடுவோம், அதே மாதிரி மரத்தையும் விடாமல் எழுதியிருக்கிறது.

ஆக, வாக்குத்தத்த தேசத்தில் ஆபிரகாமின் கைக்கு வந்த நிலம் மனைவியின் கல்லறைதான், அதுவும் காசு கொடுத்து வாங்கியது. ஒரு அடி நிலத்தையாவது தேவன் அவருக்குக் கையாட்சியாகக் கொடுக்கவில்லை என்று ஸ்தேவானே அப்போஸ்தலர் 7-ல் சொல்கிறான். எபிரெயர் 11 இன்னும் பச்சையாகச் சொல்கிறது. இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே அவைகளைக் கண்டு, நம்பி அணைத்துக்கொண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள். 'அடையாமல்' என்று வேதமே எழுதிவைத்திருக்கிறது. அம்மா வீட்டில் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் ஒருவரும் வாயில் எடுக்கப் பயந்த சொல் அது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்றும் எனக்கு நினைவு இருக்கிறது.

எரேமியா 32-ஐயும் சொல்லிவிட வேண்டும், என் தொழில்காரர் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பாபிலோன் படை எருசலேமை வளைத்து நிற்கிறது. எரேமியா தீர்க்கதரிசி காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்பாவின் சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும் என்கிறான். எதிரி கையில் இருக்கிற நிலத்துக்கு யார் விலை கொடுப்பார்கள்? ஆனால் கர்த்தர் வாங்கு என்கிறார். 17 சேக்கல் வெள்ளி. பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரை போட்டது ஒன்று, திறந்த பிரதி ஒன்று, ஆக இரண்டு. அதைத் தம் எழுத்தர் பாருக்கு கையில் கொடுத்து, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். எங்கள் அலுவலகத்தில் அசலும் நகலும் வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. இந்த அதிகாரத்துக்கு முந்தைய அதிகாரத்தில்தான் கர்த்தர் 'புது உடன்படிக்கை' என்ற சொல்லை முதன்முதலாகச் சொல்கிறார். நியாயப்பிரமாணத்தை அவர்கள் இருதயத்தில் எழுதுவேன், அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன் என்கிறார். அதைச் சொன்ன கையோடு, விழப்போகிற ஊரில் ஒரு நிலத்துக்குப் பத்திரம் போடச் சொல்கிறார். மண்பாண்டத்துக்குள் போன அந்தப் பத்திரம் திரும்ப வெளியே வருகிற நாளை எரேமியா கண்ணால் பார்க்கவில்லை.

இனி ஆதியாகமம் 15. ஆறு வாரத்தில் இரண்டு வாரம் நாங்கள் இந்த ஒரு அதிகாரத்திலேயே இருந்தோம்.

கானான் தேசத்தைத் தருவேன் என்று தேவன் சொல்ல, ஆபிராம் (ஆபிரகாமுக்கு அப்போது அதுதான் பெயர்) கேட்கிறார், நான் அதைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன்? தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பத்திரம் போட ஏற்பாடு செய்கிறார். மூன்று வயது கடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. மிருகங்களை நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறார் ஆபிராம். எபிரெய பாஷையில் உடன்படிக்கை பண்ணுவதை 'உடன்படிக்கை வெட்டுவது' என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி உடன்பட்டவர்கள் துண்டங்களின் நடுவே நடந்து போக வேண்டும். இந்த வாக்கை நான் மீறினால் இந்த மிருகத்துக்கு ஆனது எனக்கு ஆகட்டும் என்று அர்த்தம். எரேமியா 34-ல் கன்றுக்குட்டியின் துண்டுகளின் நடுவே கடந்துபோய், அப்புறம் வாக்கை மீறினவர்களைப் பற்றி வாசிக்கிறோம்.

கிரைய உடன்படிக்கை எழுதுகிறபோது இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். விற்பவருக்குக் கடமை உண்டு, வாங்குபவருக்கும் கடமை உண்டு. மீதிப் பணத்தைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் கொடுத்த முன்பணம் போகும். ஆபிராமும் அப்படி இரண்டு பக்கமும் நடக்கிற ஒப்பந்தம் என்று நினைத்துத்தான் காத்திருந்திருப்பார். பொழுது போகிறது. உடல்களின்மேல் பறவைகள் இறங்குகின்றன, ஆபிராம் அவைகளைத் துரத்துகிறார். அந்த வரியை நான் பலமுறை வாசித்துவிட்டேன். தேவனுடைய வாக்குக்காகக் காத்திருக்கிற ஒரு வயசாளி, கையை வீசிக் கழுகை விரட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்க நிற்கிறார். கடைசி வாரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வேதபாடத்தில் அதைச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

சூரியன் அஸ்தமிக்கிற வேளையில் ஆபிராமுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது. திகிலும் காரிருளும் மூடுகிறது. அப்போது புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் தோன்றி, துண்டங்களின் நடுவே கடந்து போகிறது. ஆபிராம் நடக்கவில்லை. அவர் கிடந்து தூங்குகிறார். கடந்து போனது தேவன் ஒருவர் மட்டும்.

ஒரு பக்கம் மட்டும் கடமை ஏற்கிற பத்திரம் எங்களிடமும் உண்டு. தான செட்டில்மெண்ட். தகப்பன் மகளுக்கு எழுதிக் கொடுப்பார். 'பிரதிப்பிரயோஜனம் எதுவுமின்றி அன்பினாலும் பாசத்தினாலும்' என்று வாசகம் வரும். மகள் ஒரு பைசா கட்ட வேண்டாம், ஏற்றுக்கொண்டால் போதும். ஆதியாகமம் 15-ன் உடன்படிக்கை இந்த வகை. ஆனால் எந்தத் தகப்பனும் செட்டில்மெண்டில் தன் உயிரை ஜாமீன் வைத்து நான் எழுதியதில்லை. தேவன் அங்கே அதைத்தான் செய்தார். இந்த வாக்கு நிறைவேறாவிட்டால் துண்டிக்கப்படுவது நானாக இருக்கட்டும் என்றார். வாக்கு நிறைவேற வேண்டியதற்கே அவர் துண்டிக்கப்பட வேண்டியிருந்தது என்பது சிலுவையில் தெரிந்தது. ஆறாம் மணி தொடங்கி ஒன்பதாம் மணி வரைக்கும் பூமியெங்கும் அந்தகாரம். ஆபிராமை மூடிய காரிருள் அது என்று எனக்குப் படுகிறது.

பவுல் கலாத்தியர் 3-ல் எழுதுவது ஒரு நல்ல பத்திர எழுத்தர் எழுதுகிற மாதிரியே இருக்கும். மனுஷருக்குள்ளேயே உறுதிபண்ணப்பட்ட உடன்படிக்கையை ஒருவனும் தள்ளுகிறதுமில்லை, அதினோடே ஒன்றையும் கூட்டுகிறதுமில்லை என்கிறார். 430 வருஷம் கழித்து மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணம் முன்னால் போட்ட உடன்படிக்கையை ரத்தாக்காது என்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வாங்குபவரின் பெயரில் கை வைக்கிறார். 'சந்ததிகளுக்கு' என்று பலரைக் குறித்துச் சொல்லாமல், 'உன் சந்ததிக்கு' என்று ஒருவரைக் குறித்துச் சொல்லியிருக்கிறது, அந்தச் சந்ததி கிறிஸ்துவே.

இதை வாசித்த வியாழக்கிழமை இரவு நான் நாற்காலியிலிருந்து எழுந்து வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஒரு பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? 31 வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்கிற பாடம். வாக்குத்தத்த அட்டையை மட்டும் நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. தாம்பாளத்திலிருந்து நான் எடுத்தால் அது என் பெயருக்கு எழுதியது, அம்மா எடுத்தால் அம்மா பெயருக்கு எழுதியது என்றே நினைத்திருந்தேன். வாக்குகள் எல்லாம் ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கின்றன. அவருக்குள் இருக்கிறவர்களுக்கு அவர் மூலமாக அது வருகிறது. நீங்கள் கிறிஸ்துவினுடையவர்களானால் ஆபிரகாமின் சந்ததியாராயும் வாக்குத்தத்தத்தின்படியே சுதந்தரராயும் இருக்கிறீர்கள் என்று அந்த அதிகாரம் முடிகிறது. வாரிசுப் பாத்தியம் அப்படி வருகிறது.

தமிழ் வேதாகமத்தில் இன்னொன்றும் கவனித்தேன். அட்டையில் 'பழைய ஏற்பாடு', 'புதிய ஏற்பாடு' என்று இருக்கிறது. உள்ளே 'உடன்படிக்கை' என்று வருகிறது. எபிரெயர் 9-ல் திடீரென்று 'மரணசாசனம்' என்று வருகிறது. கிரேக்கத்தில் மூன்றுக்கும் ஒரே சொல்தான், தியாதேக்கே. மரணசாசனம் என்றால் நாங்கள் எழுதுகிற உயில். எழுதியவர் உயிரோடு இருக்கிறவரைக்கும் உயிலை எத்தனை தடவையும் மாற்றலாம், அவர் இறந்த பிறகே அது அமலுக்கு வரும். எபிரெயர் நிருபமும் அதையே சொல்கிறது, மரணமுண்டான பின்பே மரணசாசனம் உறுதிப்படும். கிறிஸ்து மரித்தார், உயில் அமலுக்கு வந்தது. அப்புறம் உயிரோடு எழுந்து அந்த உயிலின் சொத்தை அவரே பங்கிட்டுக் கொடுக்கிறார். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கேஸ் வந்ததில்லை.

நான்காவது வாரம் தாவீதின் உடன்படிக்கை. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று தேவன் வாக்குக் கொடுத்த 2 சாமுவேல் 7 எல்லாருக்கும் தெரியும். நான் அதிக நேரம் எடுத்தது 89-ம் சங்கீதத்துக்கு. கர்த்தரின் கிருபைகளை என்றென்றைக்கும் பாடுவேன் என்று தொடங்குகிற சங்கீதம் பாதிக்கு மேல் திரும்பிவிடுகிறது. நீர் பண்ணின உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர், கிரீடத்தைத் தரையில் தள்ளினீர், சத்தியம்பண்ணின பூர்வகிருபைகள் எங்கே என்று தேவன் முகத்துக்கு நேராகக் கேட்கிறது. ஆராதனைப் பாட்டு இது. ஆலயத்தில் பாடினது. அந்தக் கேள்விக்குச் சங்கீதத்தில் பதில் கிடையாது. ஆனால் கடைசி வசனம், கர்த்தருக்கு என்றென்றைக்கும் ஸ்தோத்திரமுண்டாவதாக, ஆமென், ஆமென். கேள்வியையும் முறையீட்டையும் ஒரு எழுத்து குறைக்காமல் வைத்துவிட்டு அதற்குக் கீழே இரண்டு தடவை ஆமென். வேதபாடத்தில் அந்த வசனத்தை நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டரை வருஷம் சொல்லாத சொல்லை வசனத்தின் பகுதியாக வாசித்தேன். மனைவி பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

தேவதூதன் காபிரியேல் மரியாளிடம், பிறக்கப்போகிற இயேசுவைக் குறித்து, கர்த்தராகிய தேவன் அவருடைய பிதாவாகிய தாவீதின் சிங்காசனத்தை அவருக்குக் கொடுப்பார் என்று சொன்னபோதுதான் அந்தச் சங்கீதத்தின் கேள்விக்குப் பதில் வந்தது. எத்தனை நூற்றாண்டு. அதுவரைக்கும் எத்தனை பேர் அந்த ஆமெனைச் சொல்லிக்கொண்டே இறந்திருப்பார்கள்.

பெரிய வியாழக்கிழமை. கர்த்தருடைய கடைசி இராப்போஜனத்தை நினைக்கிற ஆராதனை. அன்றைக்கு மத்தேயு 26 பாடம். இது பாவமன்னிப்புண்டாகும்படி அநேகருக்காகச் சிந்தப்படுகிற புது உடன்படிக்கைக்குரிய என்னுடைய இரத்தம். எரேமியா சொன்ன புது உடன்படிக்கை, சீனாய் மலையடியில் மோசே ஜனத்தின்மேல் தெளித்த உடன்படிக்கையின் இரத்தம், இரண்டும் ஒரு பாத்திரத்தில் வந்து நிற்கின்றன. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு வரி. அவர்கள் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு, ஒலிவமலைக்குப் புறப்பட்டுப்போனார்கள்.

என்ன பாட்டு? எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைக்கிற பஸ்கா பண்டிகை இரவில் யூதர்கள் பாடுகிற சங்கீதங்கள் 113 முதல் 118 வரை. சாப்பாட்டுக்கு முன்னால் முதல் இரண்டும், பின்னால் மிச்சமும் பாடுவது வழக்கம். இயேசுவும் சீஷர்களும் அன்று பாடி எழுந்தது இந்தச் சங்கீதங்களாகத்தான் இருக்கும் என்று வேத ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். பாஸ்டரையா பிரசங்கத்தில் இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். நான் அந்த வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். கையிலிருந்த வேதாகமத்தில் 118-ஐத் திருப்பினேன். கலங்கரை விளக்கம் போட்ட அட்டை அங்கேதான் இருந்தது. அடக்கத்தன்று நான் வைத்தது, அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

"நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்." மறுநாள் மத்தியானம் சிலுவையில் சாகப்போகிறவர் வாயில் இந்த வசனம். அதே சங்கீதத்தில் ஐந்து வசனம் தள்ளி, வீடுகட்டுகிறவர்கள் ஆகாதென்று தள்ளின கல்லே மூலைக்குத் தலைக்கல்லாயிற்று. இன்னும் ஐந்து வசனம் தள்ளி, பண்டிகைப் பலியைக் கொண்டுபோய்ப் பலிபீடத்தின் கொம்புகளில் கயிறுகளால் கட்டுங்கள். இதையெல்லாம் தெரிந்தே பாடியிருக்கிறார். பாடிவிட்டு எழுந்து கெத்செமனேக்கு நடந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கல்லறைக்கு வெளியே நின்ற பெண்களிடம் யாராவது அந்த வசனம் எழுதின அட்டையைக் கொடுத்திருந்தால், அவர்களும் என்னைப்போல ஆமென் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டுதான் போயிருப்பார்கள். ஞாயிறு விடியற்காலம் வரைக்கும்.

அம்மாவின் அட்டையில் இருந்த வாக்கு முதலில் இயேசுவின் பெயரில் எழுதியது. அவர் செத்தார், பிழைத்திருக்கிறார், இனிச் சாவதில்லை. அம்மா ஞானஸ்நானத்தில் அவருக்குள் வைக்கப்பட்டவள். அவர் பிழைத்திருப்பதில் அவளுக்குப் பங்கு உண்டு, ஆனால் அனுபவத்துக்கு வருகிற நாள் இன்னும் வரவில்லை. 'பரலோகத்தில் பிழைத்திருக்காங்க' என்று அன்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ரொம்பச் சீக்கிரம் சொல்லிவிட்டார்கள். நான் சுற்றிக்கொண்டு, மக்பேலா குகை வழியாக, ஆனதோத் நிலம் வழியாக வர வேண்டியிருந்தது.

அன்று திருவிருந்துக்கு ஆல்டர் முன்னால் கிராதியில் முழங்கால்படியிட்டேன். ஐயா பாத்திரத்தைக் கொண்டுவந்தார். வெள்ளிப் பாத்திரத்தின் விளிம்பு உதட்டில் பட்டபோது சில்லென்றிருந்தது. "உங்களுக்காகச் சிந்தப்பட்ட" என்று அவர் சொல்லி முடிக்கும் முன்பே என் வாயிலிருந்து ஆமென் வந்துவிட்டது. சத்தமாக. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஆமென் என்பது எபிரெயச் சொல். உறுதி, நம்பத்தக்கது என்கிற வேரிலிருந்து வருவது. ஆபிராம் கர்த்தரை 'விசுவாசித்தான்' என்று ஆதியாகமம் 15:6-ல் வருகிற சொல்லும் அதே வேர்தான். துண்டங்களின் நடுவே அவர் நடக்கவில்லை, ஆனால் இந்த ஒன்றைச் செய்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் கிறிஸ்துவுக்கே அது பெயர், உண்மையும் சத்தியமுமுள்ள சாட்சி, ஆமென் என்பவர். பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில், தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் இயேசுகிறிஸ்துவுக்குள் ஆம் என்றும், அவருக்குள் ஆமென் என்றும் இருக்கிறதே என்கிறார். 'எங்களால் தேவனுக்கு மகிமையுண்டாகும்படி' என்று அந்த வசனம் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் கோயிலில் செய்வது இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். எழுதிக் கொடுத்தவர் ஏற்கனவே தம் இரத்தத்தால் கையெழுத்துப் போட்டுவிட்ட பத்திரத்தை வாசித்துக் கேட்டு, ஏற்றுக்கொண்டேன் என்று சொல்கிறோம். அம்மா பதிவு அலுவலகத்தில் இடது பெருவிரலை மை தடவி அழுத்தி வைப்பாள். கோயிலில் அவளுடைய கைநாட்டு ஆமென். கல்லாதவன் உன் ஸ்தோத்திரத்திற்கு ஆமென் என்று எப்படிச் சொல்லுவான் என்று பவுல் கவலைப்பட்ட அந்தக் கல்லாதவர்களில் அவளும் ஒருத்தி. அவளுக்குப் புரியாமல் எங்கள் கோயிலில் யாரும் ஜெபிக்க முடியாது, "என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிடுவாள்.

அசனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் கோயில் பிரதிஷ்டை பண்டிகையில் ஊர் கூடி ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம், ஒரே சோறு, ஒரே குழம்பு. சீனாயில் உடன்படிக்கை முடிந்ததும் இஸ்ரவேலின் மூப்பர்கள் மலைமேல் ஏறி, தேவனைத் தரிசித்து, பின்பு புசித்துக் குடித்தார்கள் என்று யாத்திராகமம் 24-ல் இருக்கிறது. அதை வாசித்ததிலிருந்து அசனப் பந்தியில் உட்காருகிறபோது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அம்மா கல்லறையில் பெயரும் தேதியும் மட்டும்தான் இருந்தது. வசனம் போடும் இடத்தை வெறுமனே விட்டிருந்தேன். எங்கள் ஊரில் வசனம் இல்லாத கல்லறை கண்ணை உறுத்தும். ஈஸ்டர் அன்று விடியற்காலை கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றும்போது யாராவது கேட்பார்கள், ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். 2016 ஈஸ்டர் முடிந்த வாரம் கல் கொத்துகிறவரைக் கூட்டிக்கொண்டு போனேன். காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அவர் காகிதத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். அவர் நம் சபைக்காரர் இல்லை, கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, 'நான் சாவாமல்'னு இருக்கே. கல்லறையில போடுறதுக்கு இதுதானா?"

"இதுதான்."

"வேற காகிதம் மாறி வந்துரலையே?"

"இல்லை. அதையே போடுங்க."

சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து, எழுத்துகளை அளந்து பார்த்தார். வரி நீளமாக இருக்கிறது, 'விவரிப்பேன்' இரண்டாவது வரிக்குப் போகும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். உளியை 'நா'வின் காலில் வைத்தார்.